கடலிடம் கடன் கொப்பி இல்லை

மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பிறகு எங்கள் உறவுக்காரி ஒருத்தி நாலாவது முறை உண்டாகியிருந்தபோது, கல்முனையில் எங்கள் தெரு முழுவதும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "மூணும் பொட்டப்புள்ள. இனி முறை வந்திட்டுகா. இது ஆம்பிளப்புள்ளதான், எழுதி வை" என்றார் சாச்சி. பிறந்தது நாலாவது மகள். அன்று அஸருக்குப் பிறகு பிள்ளை பார்க்கப் போனவர்களின் முகங்கள் மையித்து வீட்டுக்குப் போகிறவர்களின் முகங்களாக இருந்தன. நாற்பது கழிவதற்குள் பேச்சும் மாறிவிட்டது: "இவள்ட வகுத்துல ஆம்பிளப்புள்ள தங்காது."

நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்த இரண்டு வாசகங்களில் இரண்டாவதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் பலர் உண்டு. முதலாவதைக் கேட்டு யாரும் சுளிப்பதில்லை. அது ஆறுதல், அது நல்லெண்ணம், அது அனுபவம் என்று எடுத்துக்கொள்கிறோம். என் வாதம் இதுதான்: முதல் வாசகமே இரண்டாவது வாசகத்தைப் பெற்றெடுத்தது. "முறை வந்துவிட்டது" என்று நம்புகிற ஊர், முறை வராதபோது யாரோ ஒருவரைக் குற்றவாளி ஆக்கியே தீரும்.

அந்த நம்பிக்கையின் வடிவம் எளியது. சந்தர்ப்பம் தெருமுனைக் கடைக்காரரைப் போல ஒரு கடன் கொப்பி வைத்திருக்கிறது. பல தடவை தராமல் விட்டதையெல்லாம் அதில் குறித்து வைத்து, ஒருநாள் மொத்தமாகத் தந்துவிடும். நாலு நாள் வலை வெறுமையாக வந்தால் ஐந்தாம் நாள் மீன். இரண்டு முறை பரீட்சை கைவிட்டால் மூன்றாம் முறை கட்டாயம். ஒருமுறை சுனாமி வந்துவிட்டால் இனி நூறு வருடத்துக்குப் பயமில்லை. சூதாட்டம் ஹராம் என்று லொத்தர்க் கடைப் பக்கமே திரும்பாத ஊர் நம்முடையது. ஆனால் சூதாடியின் தலைக்குள் இருக்கும் இந்தக் கணக்கை மட்டும் கட்டணமில்லாமல் வாங்கி வைத்திருக்கிறோம்.

இது படிக்காதவர்களின் பிழை என்றும் சொல்ல முடியாது. நிகழ்தகவைப் பற்றி 1814இல் எழுதிய பிரெஞ்சுக் கணிதமேதை லாப்லாஸ், தன் காலத்துத் தகப்பன்மாரின் வேடிக்கை ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஆண் பிள்ளைக்கு ஆசைப்பட்டவர்கள், அந்த மாதம் ஊரில் ஆண் பிள்ளைகள் அதிகம் பிறந்தால் கவலைப்பட்டார்களாம். மீதி பெண்ணாகத்தானே இருக்கும் என்று. இருநூறு வருடங்களுக்கு முந்திய பாரிசும் இன்றைய கல்முனையும் ஒரே கொப்பியைத்தான் புரட்டுகின்றன.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? நாம் வாழும் உலகில் பெரும்பாலானவை கூடையும் வரிசையும். கூடையில் பத்து மாம்பழத்தில் மூன்று அழுகல் என்றால், அழுகலை எடுத்து வீச வீச நல்லது கைக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர் போகப் போக நம் முறை நெருங்கியது. அங்கெல்லாம் பொறுத்திருந்தவனுக்குப் பலன் உண்டு. பிள்ளைப்பேறு கூடை அல்ல. அதற்குள் எண்ணி வைத்த ஆண்களும் பெண்களும் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக நாணயம் சுண்டப்படுகிறது. முந்திய மூன்று சுண்டுதலும் அந்த நாணயத்தில் எந்தத் தழும்பையும் விட்டுச் செல்வதில்லை.

முதல் வெற்றி எத்தனையாவது முயற்சியில் வரும் என்பதைச் சொல்லும் கணக்குக்குப் பெருக்கற் பரம்பல் என்று பெயர். வாய்ப்பு சரிபாதி என்று வைப்போம் (உலகில் 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் பிறக்கிறது, அந்தச் சிறு வித்தியாசம் இங்கே எதையும் மாற்றாது). முதற் பிள்ளையே ஆணாக இருக்கும் வாய்ப்பு 1/2. முதல் ஆண் இரண்டாவதாக வரும் வாய்ப்பு 1/4; மூன்றாவதாக வருவது 1/8; நாலாவதாக வருவது 1/16. ஒவ்வொன்றும் முந்தியதை அதே பின்னத்தால் பெருக்கக் கிடைப்பதால் இந்தப் பெயர்.

இந்தப் பரம்பலுக்கு ஒரு குணம் உண்டு: அதற்கு நினைவில்லை. மூன்று தோல்வி முடிந்த பிறகு, இனி எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், ஆரம்பத்தில் சொன்ன அதே விடையைச் சொல்லும். காத்திருந்த காலத்துக்குக் கழிவு கிடையாது. நாலு பிள்ளை உள்ள 1,600 குடும்பங்களை எடுத்தால், அதில் ஏறத்தாழ 100 வீட்டில் நாலும் பெண்ணாக இருக்கும். அந்த நூறு தாய்மாரும் எந்தப் பிழையும் செய்யவில்லை. யாரோ நூறு பேர் அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

இங்கே எதிர்த் தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாகக் கேட்போம். அவை பலவீனமானவை அல்ல.

முதல் வாதம்: "சராசரி என்று ஒன்று இருக்கிறதே. கடைசியில் எல்லாம் சமப்படத்தானே வேண்டும்?" சமப்படும், ஆனால் கடன் அடைத்துச் சமப்படுவதில்லை. தொடர்ந்து பத்துப் பெண் பிறந்த ஒரு பிரசவ விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆயிரத்தில் 500 ஆண், 500 பெண் என்றே வைப்போம். மொத்தத்தில் பெண் 510, ஆண் 500. அந்தப் பத்து அப்படியே கிடக்கிறது, யாரும் திருப்பித் தரவில்லை. ஆனால் விகிதம் நூற்றுக்கு 50.5. குடத்து நீரில் விழுந்த ஒரு கரண்டி உப்பைப்போலத்தான்: உப்பை யாரும் வெளியே எடுக்கவில்லை, நீர் கூடியதால் கரிப்புத் தெரியவில்லை.

இரண்டாவது வாதம் அனுபவம். "எங்கட வீட்டிலேயே மூணு பொண்டுகளுக்குப் புறகு தம்பி பிறந்தானே!" பிறந்தான். ஆனால் ஏன் உங்கள் கதை ஆண் பிள்ளையில் முடிகிறது? ஆண் வந்ததும் பெறுவதை நிறுத்தினீர்கள். மூன்று பெண், பிறகு ஆண் என்ற வீடுகள் கதையாகிச் சந்தைக்கும் கல்யாண வீட்டுக்கும் வருகின்றன. மூன்று பெண், நாலாவதும் பெண் என்ற வீடுகளும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. அவர்கள் கதை சொல்வதில்லை. தலை குனிந்து நடக்கிறார்கள். நிறுத்தும் விதியை நாமே போட்டுவிட்டு, முடிவைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

ஆண் வரும்வரை பெற்றால் ஊரில் ஆண் பெருகும் என்பதும் பொய். ஆயிரம் குடும்பம் அப்படித் தீர்மானித்தால் முதற் சுற்றில் 500 ஆண், 500 பெண். பெண் பெற்ற 500 குடும்பம் தொடர்கிறது: 250 ஆண், 250 பெண். அடுத்து 125, 125. எங்கே நிறுத்தினாலும் இரு பக்கமும் சமம்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நுட்பமானது. "எல்லாருடைய உடலும் ஒன்றல்ல. சிலருக்குப் பெண் பிள்ளை கூடப் பிறக்கும் வாய்ப்பு இருக்கலாம்." இருக்கலாம் என்றே வைப்போம். அப்படியானால், மூன்று பெண் பிறந்த வீடு பெண் வாய்ப்புக் கூடிய வீடாக இருக்கவே இடமுண்டு. ஆகவே நாலாவது ஆணாகும் வாய்ப்புக் குறையும், கூடாது! நினைவு என்று ஒன்று இருந்தாலும் அது "முறை"க்கு எதிர்த்திசையில் போகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸ் அல்லது வை குரோமோசோம் தகப்பனின் விந்திலிருந்து வருகிறது. தாயின் வயிற்றை ஏசுவது, தபால் வந்த வாசலை ஏசுவது போல. தகப்பனையும் ஏசச் சொல்லவில்லை. அவனும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை.

நம் கரையில் இந்தக் கணக்கு வெறும் ஆசைக் கணக்கு அல்ல. இங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு மகளுக்குச் சீதனமாகும். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உள்ள இந்தத் தாய்வழிக் குடி வழமையை, அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நாலு மகள் என்றால் நாலு வீடு. கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருக்கியடித்துக் கிடக்கும் நம் ஊர்களில் ஒரு வளவு வாங்குவது என்னவென்று தகப்பன்மாரைக் கேளுங்கள். அப்படியிருக்க, "இனி ஆண்தான்" என்ற உறுதியில் திட்டம் போடுகிறவர், வராத கடனை நம்பிக் கடை போட்டவர்.

ஒரு வெற்றியோடு காரியம் முடிவதில்லை என்றால்? இரண்டு, மூன்று வெற்றி தேவை என்றால் எத்தனை முயற்சி ஆகும்? அதைச் சொல்வது மறை ஈருறுப்புப் பரம்பல். பாஸ்கலின் பரம்பல் என்றும் அதைச் சொல்வார்கள். 1654இல் கணிதமேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதித் தீர்த்த புதிர் இந்த வகைதான். ஓர் ஆட்டம் பாதியில் நிற்கிறது. இத்தனை வெற்றி முதலில் பெறுபவருக்கே பந்தயப் பணம் என்று பேச்சு. இப்போது பணத்தை எப்படிப் பிரிப்பது? அதுவரை பெற்ற வெற்றிகளின் விகிதத்தில் பிரிக்கலாம் என்று பழையவர்கள் சிலர் நினைத்தார்கள். இருவரும் அதைத் திருப்பிப் போட்டார்கள்: இதுவரை என்ன நடந்தது என்று பார்க்காதே, வெல்ல இன்னும் எத்தனை வேண்டும் என்று மட்டும் பார். நிகழ்தகவுக் கணிதம் பிறந்த இடமே கடன் கொப்பியைக் கிழித்துப்போட்ட இடம்.

அதைச் சாய்ந்தமருதுக் கரைக்குக் கொண்டுவருவோம். கடலுக்குப் போய்வரும் மூன்று பயணத்தில் ஒன்று இலாபம் தரும் என்று ஒரு படகு முதலாளி தன் அனுபவத்தில் கணிக்கிறார். கடனை அடைக்க மூன்று நல்ல பயணம் வேண்டும். சராசரி ஒன்பது பயணம். ஒன்பதுக்கான எண்ணெய்க் காசையும் ஐஸ் காசையும் புரட்டிக்கொண்டு இறங்குகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒன்பது பயணம் முடிந்தும் மூன்று நல்லது கிடைக்காமல் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 38! மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பதினைந்து பயணத்துக்குத் தாங்குவதாக இருந்தால் அந்த ஆபத்து நூற்றுக்கு எட்டாகக் குறையும். சராசரியை நம்பி இறங்கியவர் கெட்ட காலத்தால் நொடிந்தார் என்பார்கள். இல்லை, சராசரியைக் கெடு என்று எண்ணியதால் நொடிந்தார்.

அப்போதும் ஊருக்கு ஒரு குற்றவாளி வேண்டும். புதிதாகப் படகேறிய பொடியன் "ராசியில்லாதவன்" ஆவான். அல்லது யாரோ கண்ணூறு போட்டிருப்பார்கள். இலாப வாய்ப்பு மூன்றில் ஒன்று என்றால், தொடர்ந்து ஆறு பயணம் வெறுமையாக வருவது பதினொன்றில் ஒரு தடவை நடக்கக்கூடியது. கரையில் நூறு படகு நின்றால், எந்த நேரமும் சில படகுகள் அந்த நிலையில் இருக்கும். அந்த ஒவ்வொரு படகிலும் ஒரு பொடியன் ராசியில்லாதவனாகிக் கொண்டிருப்பான்.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். கடல் நாணயம் அல்ல. மீன் கூட்டமாக வரும், கூட்டமாகப் போகும். காற்று, நீரோட்டம், நிலவு எல்லாம் உண்டு. கரைவலை இழுக்கிறவருக்குத் தெரியும்: பல நாள் வலையில் ஒன்றுமில்லை, ஒருநாள் கீரி மீனும் சூடை மீனும் வலை தாங்காமல் வரும். வாய்ப்பு நாளுக்கு நாள் மாறுகிறபோது, எண்ணிக்கைகள் இப்படிக் குவிந்தும் வெறுமையாகியும் கிடக்கும். அந்தக் குவியலை அளப்பதற்கும் விஞ்ஞானிகள் எடுப்பது இதே மறை ஈருறுப்புப் பரம்பலைத்தான். 1920இல் பிரித்தானியாவில் கிரீன்வூட், யூல் என்ற இருவர், வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்களுக்கு நேர்ந்த விபத்துகளை இதைக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஆனால் கவனியுங்கள்: குவியல் உள்ள இடத்தில் மீன் வந்த நாளுக்கு மறுநாளே மீண்டும் மீன் வரும் வாய்ப்புக் கூடுகிறது. வெறுமையான நாளுக்கு மறுநாள் வெறுமைக்கே இடம் அதிகம். கடலுக்கு நினைவு இருந்தாலும் அது உங்கள் கடனை நினைவில் வைப்பதில்லை.

பரீட்சையும் அப்படித்தான். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். "மூன்றாம் தடவை தவறாது" என்று பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிறோம். மூன்றாம் தடவை என்பதால் வாய்ப்புக் கூடாது. இடையில் படித்த படிப்பால் கூடும். படிப்பை விட்டு எண்ணிக்கையை நம்பிய பிள்ளை, தோற்றதும் "மூணு தரமும் விட்டவன்" என்று ஆயுள் முழுக்கப் பெயர் சுமக்கிறது.

இனி, இந்த நம்பிக்கையின் மிக ஆபத்தான வடிவத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 காலை சுனாமி இந்தக் கரையில் என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனையிலிருந்து நிந்தவூர்வரை மையவாடிகள் சாட்சி. இன்று கடற்கரையில் வீடு கட்டுகிறவரிடம் கேட்டால் வரும் பதில்: "அது நூறு வருசத்துக்கு ஒருக்கா வாறது. வந்து போயிட்டு. இனி எங்கட பேரப்புள்ளைகள்ட காலத்துலதான்."

கணக்கை அவர்கள் சொன்னபடியே எடுப்போம். 1883 ஆகஸ்ட் 27இல், ஏறத்தாழ 3,000 கிலோமீற்றருக்கு அப்பால் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது, அதன் அலை நம் மாவட்டத்துப் பாணமைக் கரையில் ஒரு பெண்ணின் உயிரைக் கொண்டுபோனது. அதிலிருந்து 2004க்கு 121 வருடம். இரண்டே நிகழ்வை வைத்து வாய்ப்பைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் வாதத்துக்காக, ஆண்டுக்கு 120இல் ஒரு வாய்ப்பு என்று வைப்போம். அப்படியானால் ஒரு வீடு நிற்கும் முப்பது வருடத்துக்குள் அலை வரும் வாய்ப்பு நூற்றுக்கு 22. நாலரை வீட்டுக்காரருக்கு ஒருவர் என்பது போல அல்ல. வந்தால் கரை முழுவதற்கும் வரும். மாறாக, 120 வருடம் முழுவதும் வராமலே போகவும் நூற்றுக்கு 37 வாய்ப்பு உண்டு. இன்னொரு விசித்திரம்: அடுத்த அலைக்கு மிக அதிக வாய்ப்புள்ள ஒற்றை ஆண்டு எது என்று கேட்டால், பெருக்கற் பரம்பல் சொல்லும் விடை, அடுத்து வரும் ஆண்டு. காரணம் எளிது. அதற்கடுத்த ஆண்டில் முதல் அலை வரவேண்டுமென்றால், அடுத்த ஆண்டை அது தவறவிட்டிருக்க வேண்டுமே.

"நிலத்துக்கு நினைவுண்டு, அழுத்தம் சேர்ந்தால்தான் வெடிக்கும்" என்று படித்தவர்கள் சொல்வார்கள். உண்மை, 2004 நிலநடுக்கத்தில் உடைந்த அந்தத் துண்டுக்கு. ஆனால் சுமாத்திரா நெடுக இன்னும் பல துண்டுகள் உண்டு. 2004க்கு மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இரவில், நியாஸ் தீவருகே அடுத்த துண்டு 8.6 அளவில் உடைந்தது. முந்திய உடைவு பக்கத்துத் துண்டின் அழுத்தத்தைக் கூட்டிவிட்டது என்கிறார்கள் புவிச்சரிதவியலாளர்கள். "இப்போதுதானே வந்தது, இனி வராது" என்ற வாக்கியத்துக்கு மூன்று மாதத்தில் கிடைத்த பதில் அது. 2012 ஏப்ரல் 11இல் மீண்டும் 8.6. அன்று ஓடினோம், அலை வரவில்லை; கடலடிப் பாறை பக்கவாட்டில் நழுவியதால் கடல் பெரிதாக எழும்பவில்லை. "சும்மா ஓட வைச்சிட்டானுகள்" என்று எச்சரித்தவர்களை ஏசினோம். அங்கேயும் ஒரு குற்றவாளி தேடினோம். அடுத்த எச்சரிக்கைக்கு அந்த ஏச்சு ஒரு தடையாக நிற்கும்.

கடைசியாக ஒரு மறுப்பு, மரியாதையோடு பேச வேண்டியது. "எல்லாம் நஸீபு. நீங்கள் கணக்குப் போட்டு என்ன?" கணக்கு நஸீபுக்கு எதிரானதல்ல. மறைவானதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்று சொல்லிக்கொண்டு, "நாலாவது கட்டாயம் ஆண்" என்று எழுதி வைக்கச் சொல்கிறோமே, அதுதான் எதிரானது. நினைவின்மை என்று கணிதம் சொல்வது பணிவு: எனக்குத் தெரியாது, எனக்கு எதுவும் வரவேண்டிய பாக்கி இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று படித்த சமூகம் நாம். கட்டுவது என்றால், வாய்ப்பைக் கூட்ட முடிந்தால் கூட்டுவது, கூட்ட முடியாத இடத்தில் நீண்ட தோல்விக்கும் தாங்கும்படி ஆயத்தமாவது. பதினைந்து பயணத்துக்குக் காசு, பெரிய அலைக்கு ஓடும் பாதை, நாலு மகளுக்கும் படிப்பு.

சென்ற மாதம் அந்த நாலு பெண்களின் வாப்பா என்னைத் தேடி வந்தார். "சேர், கணக்குப்படி அஞ்சாவது எப்படி?" என்றார். "பாதிக்குப் பாதி. முதலாவதுக்கும் அதுதான் இருந்தது" என்றேன். அவருக்கு அது போதவில்லை. ஐந்து பெண் தொடர்ந்து வருவது எவ்வளவு அரிது, 32இல் ஒன்றுதானே என்று கேட்டார். "முப்பத்திரண்டில் ஒன்று, முதல் பிள்ளைக்கு முன்னால் நின்று கேட்டால். நீங்கள் நாலைக் கடந்து வந்து நிற்கிறீர்கள்" என்றேன்.

அப்போது மூன்று வயதான நாலாவது மகள் அவர் சாரத்தைப் பிடித்து இழுத்தாள், கடற்கரைக்குப் போகவேண்டுமாம். நான் ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, அஞ்சாவதும் பெண்ணாக வந்தால், அந்தப் பிள்ளைக்கும் அவள் உம்மாவுக்கும் என்ன சொல்வீர்கள் என்று யோசித்தீர்களா? அந்தப் பதில் உங்களிடம் இருந்தால் மற்றக் கணக்கு ஒன்றும் தேவையில்லை."

அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.